நான் தனியாக எழுந்து நின்ற ஞாயிறு

போன வருஷம் ஈஸ்டர் முடிந்த கையோடு என் கணவர் ஜெபராஜ் துணிகளை எடுத்துக்கொண்டு ஜாலான் புசாரில் இருந்த நண்பர்களின் அறைக்குப் போய்விட்டார். தெம்பனிஸில் எங்கள் வாடகை அறையில் நான் மட்டும்.

அவருடைய அப்பா இறந்தபின், தூத்துக்குடியில் தனியாக இருந்த அம்மாவுக்காக சிங்கப்பூரை விட்டு ஊருக்கே திரும்பிவிடலாம் என்றார். நான் மாட்டேன் என்றேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பாவுக்குக் கையெழுத்துப் போடவும் தெரியாது. அந்த வீட்டிலிருந்து வந்து இங்கே கணக்காளராக இருக்கிறேன். அதில் எனக்குப் பெருமை, இன்றும்தான். பேச்சு வளர்ந்து, கோர்ட்டில் விவாகரத்து வாங்கியே முடித்துக்கொள்வது என்றாகிவிட்டது. வக்கீலைப் பார்க்க நேரமும் வாங்கியாயிற்று.

யாரிடமும் சொல்லவில்லை. அப்பா போனில், "மாப்பிள்ளகிட்ட குடும்மா" என்பார். "குளிக்கிறாங்கப்பா" என்பேன். ஞாயிறு மாலை லிட்டில் இந்தியாவில் நடப்பேன். தெரு முழுக்க நம் ஆட்கள். அத்தனை பேரில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஒருவரும் இல்லை. "கர்த்தாவே, முடியல" என்பதற்கு மேல் எனக்கு ஜெபம் வரவில்லை.

திருமண நாள் வரும் வாரத்தில் தம்பதிகளை முன்னால் நிறுத்தி ஜெபிப்பது நம் சபையின் வழக்கம். எங்கள் நாள் நெருங்கியதும் போதகரின் மனைவி என்னைப் பிடித்துக்கொண்டார்.

"செல்வி, அடுத்த ஞாயிறு தம்பியையும் கூட்டிட்டு வந்துடு."

"அவருக்கு ஷிஃப்ட் ஆண்ட்டி."

"எப்பப் பாரு ஷிஃப்ட்! லீவு கேக்கச் சொல்லு லா."

எங்கள் பெயரைக் கூப்பிட மறந்துவிட வேண்டும் என்று அந்த வாரம் முழுக்க ஜெபித்தேன். ஆண்டவர் அதைக் கேட்கவில்லை. இரண்டு பெயரையும் சத்தமாகவே வாசித்தார்கள். எழுந்து தனியாக நடந்தேன்.

பின்வரிசையில் நாற்காலி நகரும் சத்தம். ஜெபராஜ் வேலைச் சட்டையோடு வந்து பக்கத்தில் நின்றார்.

"எதுக்கு வந்தீங்க?"

"இந்த வாரம் நம்ம பேரக் கூப்பிடுவாங்கன்னு தெரியும். இவ்வளவு பேர் முன்னால நீ ஒத்தையில நிக்க வேண்டாம்னுதான். கண்ணத் துடை, போட்டோ எடுக்குறாங்க."

போதகர் எங்கள் தலையில் கை வைத்தபோது அடக்கி வைத்திருந்ததெல்லாம் உடைந்தது. அன்றைக்கே ஆண்ட்டியிடம் உண்மையைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. "சனிக்கிழமை ரெண்டு பேரும் வீட்டுக்கு வாங்க" என்றார்.

பல சனிக்கிழமைகள் போனோம். ஒருவர் சொன்னதை மற்றவர் திருப்பிச் சொன்ன பிறகுதான் பதில் பேசலாம் என்பது ஆண்ட்டி போட்ட சட்டம். "அம்மா தனியா சாப்பிடுறாங்கன்னு நினைச்சா இவருக்குச் சோறு இறங்கல" என்று என் வாயால் சொன்ன அன்று, அதற்கு மேல் எனக்குச் சண்டை போட வரவில்லை. "இந்த வேலை இவளுக்குச் சம்பளம் மட்டும் இல்ல" என்று அவரும் சொன்னார். வக்கீலிடம் வரவில்லை என்று சொல்லிவிட்டேன்.

இப்போது அவர் தூத்துக்குடியில், உடம்புக்கு முடியாமல் போன தன் அம்மாவோடு. நான் இங்கே. அம்மாவின் உடம்பு தேறியதும் இரண்டு பேருமாக இங்கே வருவதாகப் பேச்சு. அறை இன்னும் காலிதான். சில ராத்திரி அழுகையும் வருகிறது. ஆனாலும் நான் கைவிடப்பட்டவள் இல்லை. தினமும் போனில் சேர்ந்து ஜெபிக்கிறோம். இது ஆண்டவர் செய்தது.

அடி வாங்குகிறவர்களைப் பொறுத்துப்போகச் சொல்லவில்லை. அவர்கள் முதலில் பத்திரமான இடத்துக்குப் போகட்டும். மற்றவர்களுக்குச் சொல்கிறேன்: கோர்ட்டுக்குப் போகும் முன் ஆண்டவரிடம் அழுங்கள், சபையில் ஒருவரிடமாவது வாயைத் திறங்கள். இன்று இங்கிருந்து காலி அறைக்குத் திரும்பப் போகிறவர் யாராவது இருந்தால், ஆராதனை முடிந்ததும் வாசலில் நிற்பேன். வாருங்கள், சேர்ந்து சாப்பிடலாம்.