மூன்று சக்கர வண்டிக்கு ஒரு கல்

போன சனிக்கிழமை சாயங்காலம் என் மகள் எங்களையெல்லாம் விட்டுவிட்டுத் தனியாகக் கிளம்பிப் போய்விட்டாள். அவளுக்கு வயது ஒன்றரை.

சிரிக்காதீர்கள். இதை எழுதும்போதுகூட ஒரு எழுத்தைத் தட்டினால் பக்கத்து எழுத்து வந்து விழுகிறது.

முதலில் வண்டி வாங்கிய கதையைச் சொல்லிவிடுகிறேன்.

இந்தப் பத்தியை வாராவாரம் வாசிப்பவர்களுக்கு என் முதுகைப் பற்றி நன்றாகத் தெரியும். அதைப் பற்றிப் புலம்பாத வாரம் குறைவு. மழைக்காலத்தில் டிஸ்க் நகர்ந்துவிட்டது. குழந்தையை இடுப்பில் தூக்கவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அவருக்கென்ன, மதுரையில் இருக்கிறார். எங்கள் வீடு கொடைக்கானல் நாயுடுபுரத்தில். வாசலைத் தாண்டினால் ஒன்று ஏற்றம், இல்லையென்றால் இறக்கம். பிள்ளையை இடுப்பில் வைக்காமல் ஒரு பால் பாக்கெட் வாங்கிவர முடியுமா?

ஆக, நானும் மகள் ஜெனியும் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்தோம். என் கணவர் சேவியர் காலையில் ஹோட்டல் வேலைக்குப் போனால் இருட்டிய பிறகுதான் வருவார். ஜெனி ஜன்னல் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு தெருவையே பார்த்துக்கொண்டிருப்பாள். நானும் பக்கத்தில் நிற்பேன். எங்கள் இருவரில் யாருக்கு முதலில் பைத்தியம் பிடிக்கும் என்ற நிலைமை வந்தபோதுதான், பிள்ளையை உட்கார வைத்துத் தள்ளும் ஸ்ட்ரோலர் வாங்கலாம் என்று முடிவானது.

திண்டுக்கல்லில் ஒரு பெரிய கடைக்குப் போனோம். விதவிதமான வண்டிகள். எல்லாமே அழகாக ஓடின. ஏன் ஓடாது? தரை முழுக்க டைல்ஸ். விற்பனையாளர் ஒற்றை விரலால் தள்ள, வண்டி வழுக்கிக்கொண்டு போனது.

“இத ஏத்தத்துல தள்ளிப் பாக்கணும்ங்க” என்றேன்.

“ஏத்தமா மேடம்?”

“ஆமா. இறக்கமும் வேணும்.”

அவர் கடையை ஒரு சுற்றுப் பார்த்தார். பாவம், அவர் மட்டும் ஏற்றத்துக்கு எங்கே போவார்? கடைசியில் வாசலில் பைக் ஏற்றுவதற்காகப் போட்டிருந்த சிமெண்ட் சரிவைக் காட்டினார். கொடைக்கானலில் அதை நாங்கள் சமதளம் என்போம்.

நாலு சக்கர வண்டிகளை முதலிலேயே ஒதுக்கிவிட்டோம். சூட்கேஸ் சக்கரம் மாதிரிக் குட்டிக் குட்டிச் சக்கரங்கள். எங்கள் தெருச் சல்லிக் கல்லில் அவை நின்றுவிடும். மூன்று சக்கர வண்டிதான் சரி. பெரிய சக்கரம், காற்றடித்த டயர். அதில் இரண்டு வகை இருந்தன. ஒன்றில் முன்சக்கரம் நேராக மட்டும் நிற்கும். திருப்ப வேண்டுமானால் கைப்பிடியை அழுத்தி, மூக்கைத் தூக்கித்தான் திருப்ப வேண்டும். இன்னொன்றில் முன்சக்கரம் எந்தப் பக்கமும் சுழலும். சும்மா தொட்டாலே திரும்பும்.

எது வாங்குவது?

“நம்ம ஊருல எங்க நேர் ரோடு கெடக்கு? பூராம் வளைவு. திரும்புற வண்டிதான் வேணும்” என்றார் சேவியர்.

இதற்கு மேல் என்ன பேச? மலைக்காரர் லாஜிக். எனக்கும் அது சரியென்றே பட்டது. விற்பனையாளர் பின்னால் இருந்த ஒரு சிவப்புப் பெடலைக் காட்டி, இதை மிதித்தால் பிரேக் என்றார். தலையை ஆட்டிவிட்டு வண்டியோடு ஊருக்கு வந்தோம்.

வந்ததும் வண்டியைப் பரிசோதித்தவர் என் கொழுந்தன் ஸ்டீபன். பாச்சலூர் ரோட்டில் ஜீப் ஓட்டுகிறார். மண்டி போட்டு அடியில் எட்டிப் பார்த்தார், டயரைக் கிள்ளிப் பார்த்தார், முன்சக்கரத்தைச் சுழற்றி விட்டுச் சிரித்தார்.

“நல்லா இருக்கு மதினி. ஆனா எங்க நிறுத்துனாலும் ஒரு கல்லு வச்சிருங்க. பிரேக்கெல்லாம் பேருக்குத்தான். வயரு அந்துச்சுன்னா போச்சு. கல்லு எங்க போகும்?”

மலையில் இருப்பவர்களுக்கு இது புரியும். வண்டியை நிறுத்தினால் இறங்கி, சக்கரத்துக்கு ஒரு கல் வைக்க வேண்டும். கேஸ் சிலிண்டர் வண்டி, காய்கறி லாரி, ஸ்கூல் வேன்... எதற்கும் விதிவிலக்கு கிடையாது. கட்டின பெண்டாட்டி பேச்சைக் கேட்காத ஆள்கூடக் கல் விஷயத்தில் தவற மாட்டார்.

அதற்கடுத்த நாலைந்து நாட்கள் எப்படிப் போயின தெரியுமா? ஜெனியும் நானும் பால் வாங்கப் போனோம். தேவையே இல்லாமல் மறுபடியும் போனோம். தெருவில் போகிற வருகிற எல்லோருக்கும் அவள் கையாட்டினாள். தனியாகப் போகும்போது பயத்தில் நான் கைப்பிடியை விடவே இல்லை. முதுகு வலித்ததா என்றுகூட ஞாபகமில்லை.

சனிக்கிழமை சேவியருக்கு லீவு. செண்பகனூரில் இருக்கும் ஸ்டீபன் வீட்டுக்கு எல்லோருமாகப் போயிருந்தோம். சாயங்காலம் அப்படியே ஒரு நடை போனோம். ரோட்டோரம் ஒரு டீக்கடை. நல்ல இறக்கம். டீ குடிக்கலாம் என்று நின்றோம்.

வண்டி இறக்கத்தைப் பார்த்து நின்றது. ஸ்டீபன் அங்குமிங்கும் தேடி, ஒரு கல்லை எடுத்து, பிடிக்கவில்லை என்று போட்டுவிட்டு, இன்னொன்றை எடுத்துவந்து முன்சக்கரத்துக்கு முன்னால் வைத்தார். காலால் ஒரு தட்டுத் தட்டினார். சேவியரும் எட்டிப் பார்த்துத் தலையசைத்தார். நான் கைப்பிடியை விட்டுவிட்டு டீ கிளாஸை வாங்கிக்கொண்டேன்.

எதிர்ப்பக்கம் ஒரு நாய் போனது. ஜெனி அதைப் பார்க்கச் சாய்ந்தாள். அவ்வளவுதான்.

கல்லில் முட்டிக்கொண்டிருந்த முன்சக்கரம் மெதுவாகத் திரும்பியது. யாரோ கழுத்தைத் திருப்புவது போல. கல்லின் ஓரமாக நழுவியது. வண்டி கிளம்பியது.

முதல் இரண்டு எட்டு தூரத்துக்கு அது அவ்வளவு மெதுவாகப் போனது... கையை நீட்டினால் பிடித்துவிடலாம் போல. நீட்டினேன். கிடைக்கவில்லை. பிறகு அது வேகம் எடுத்தது.

நாங்கள் மூவரும் ஓடினோம். யார் முன்னால், யார் பின்னால் என்பதெல்லாம் தெரியாது. கண்ணில் பட்டது ஒன்றே ஒன்றுதான் — வண்டிக்கு மேலே தெரிந்த அவளுடைய மஞ்சள் குல்லா. கீழே வளைவு. வளைவுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று இந்த ஊரில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. வெறும் காற்று.

முன்சக்கரம் ஒரு சின்னக் குழியில் விழுந்து இடது பக்கமாகத் திரும்பியது. வண்டி ரோட்டை விட்டு இறங்கி, லாரிக்காக அடுக்கி வைத்திருந்த கேரட் மூட்டைகளில் போய் முட்டி நின்றது. பெல்ட் போட்டிருந்ததால் ஜெனி உள்ளேயே இருந்தாள். அழவில்லை. வாய் திறந்தபடி இருந்தது. எனக்கும் அப்படித்தான்.

நாங்கள் அவளைத் தொட்டபோது, அந்த வளைவில் டவுன் பஸ் திரும்பி மேலே ஏறி வந்தது.

அந்தப் பஸ்ஸின் முகப்பு விளக்கு இன்னும் என் கண்ணுக்குள்ளேயே இருக்கிறது. மூட்டையை ஏற்ற லாரி சீக்கிரம் வந்திருந்தால்? அந்தக் குழி வலது பக்கம் இழுத்திருந்தால்? கேட்காமல் இருக்க முடியவில்லை. பதிலை நினைத்துப் பார்க்கவும் முடியவில்லை.

கூட்டம் கூடியது. எல்லோரும் குழந்தையைப் பார்க்க வருவார்கள் என்று நினைத்தேன். பாதிப் பேர் கல்லைப் பார்க்கப் போனார்கள்.

ஸ்டீபன் அதன் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். உதடெல்லாம் வெளுத்துப் போயிருந்தது.

“மதினி... கல்லு வச்ச எடத்துலயேதான் கெடக்கு. நகரவே இல்ல.”

“சின்னக் கல்லா வச்சுட்டீங்க தம்பி” என்றார் குல்லா போட்ட ஒருவர்.

“பின்னாடிச் சக்கரத்துக்கும் ரெண்டு வச்சிருக்கணும்” என்றார் டீக்கடைக்காரர். இன்னொருவர் எங்கிருந்தோ அம்மிக்கல் அளவுக்கு ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து, எங்களுக்கென்று கொடுத்தார். அன்பாகத்தான் கொடுத்தார். வாங்குகிற நிலைமையில் நான் இல்லை.

அதிர்ச்சி அதோடு முடியவில்லை. ஸ்டீபன் வீட்டுக்குத் திரும்பி, ஜெனி என் மடியில் பால் குடித்துக்கொண்டிருந்தபோது, சேவியர் தீர்ப்புச் சொன்னார்.

“அந்த வண்டியத் திருப்பிக் குடுத்துருவோம். இனிமே நீ பாப்பாவோட வெளிய போக வேணாம். லீவு நாள்ல நான் தூக்கிட்டுப் போறேன்.”

“ஆமா மதினி. முதுகு சரியாகுற வரைக்கும் வீட்டுலயே இருங்க” என்றார் ஸ்டீபன்.

எப்படி இருக்கிறது? வண்டியைத் தேர்ந்தெடுத்தது அண்ணன். கல்லை வைத்தது தம்பி. வீட்டில் இருக்க வேண்டியது நானும் என் மகளும். மறுபடியும் அந்த ஜன்னல். 

மறுநாள் வெள்ளனே எழுந்து வண்டியைப் பார்த்தேன். ஒரு கீறல் மட்டும்தான். பின்னால் குனிந்தபோது அந்தச் சிவப்புப் பெடல் கண்ணில் பட்டது. நிமிர்ந்தபடியே இருந்தது. கடையில் எப்படி இருந்ததோ அப்படியே. யாரும் அதை மிதிக்கவே இல்லை.

அப்போதுதான் எனக்கு உண்மையாகவே பயம் வந்தது. பஸ்ஸைப் பார்த்தபோதுகூட இவ்வளவு இல்லை. பிரேக் இருந்தது. எங்கள் கால் எட்டுகிற இடத்தில், கண்ணைப் பறிக்கிற சிவப்பில் இருந்தது. கல் வைத்தாயிற்று என்ற திருப்தியில், மூன்று பெரியவர்கள் ஒரே நேரத்தில் குழந்தையிடமிருந்து கையை எடுத்துவிட்டோம்.

நாம் எல்லோருமே இப்படித்தானோ? கேட்டில் கேமரா மாட்டிவிட்டுக் கதவைப் பூட்ட மறந்துவிடுகிறோம். ஸ்கூலில் சேர்த்துவிட்டுப் பிள்ளையோடு பேச மறந்துவிடுகிறோம். எதையோ ஒன்றை வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுகிறோம்.

ஆனால் தத்துவம் பேசினால் வண்டி வீட்டில் தங்காதே. சர்ச்சில் ஞாயிறு பூசை முடிந்து வந்ததும், ஜெனியின் எடைக்கு உருளைக்கிழங்கை ஒரு சாக்கில் கட்டி, வண்டியில் உட்கார வைத்துப் பெல்ட் போட்டேன். எங்கள் தெரு இறக்கத்தில் நிறுத்தினேன். சேவியரையும், பூசை முடிந்து எங்களோடு வந்திருந்த ஸ்டீபனையும் கூப்பிட்டேன். ஸ்டீபனைக் கீழே போய் நிற்கச் சொன்னேன்.

முதலில் கல் மட்டும். நேற்றை விடப் பெரிய கல். வண்டியை லேசாகச் சாய்த்தேன். முன்சக்கரம் அதே மாதிரி கழுத்தைத் திருப்பியது. உருளைக்கிழங்கு போய்விட்டது. ஸ்டீபன் பாய்ந்து பிடித்தார். பிடித்தவர் கொஞ்ச நேரம் அந்தச் சாக்கை அணைத்துக்கொண்டே நின்றார்.

அடுத்து, கல்லே இல்லாமல் பிரேக். மிதித்துவிட்டுத் தள்ளினேன். நகரவில்லை. சேவியர் தள்ளினார். நகரவில்லை.

“அப்போ... நேத்தும் இது இருந்துச்சா மதினி?” என்றார் ஸ்டீபன்.

“இருந்துச்சு.”

அவர் முகத்தைப் பார்க்கவே சங்கடமாக இருந்தது.

கடைசியாக, இறக்கத்தில் மெதுவாகத் தள்ளிக்கொண்டு இறங்கிப் பார்த்தேன். ஒவ்வொரு சல்லிக்கும் முன்சக்கரம் ஒரு பக்கம் இழுத்தது. கடையின் டைல்ஸ் தரையில் எங்களை மயக்கிய அதே சுழற்சிதான். வளைவுகள் நிறைந்த ஊர் என்று திரும்புகிற வண்டியை வாங்கினோம். அது திரும்பச் சொன்னால் மட்டுமா திரும்புகிறது?

“இது வேணாங்க. நேரா நிக்கிற வண்டிய மாத்திக் குடுக்கச் சொல்லுங்க. வண்டி இல்லாம நானும் பாப்பாவும் இருக்க மாட்டோம்” என்றேன். பேசும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. சேவியர் போனை எடுத்துக் கடைக்குப் பேசினார். நல்லவேளை, ஒப்புக்கொண்டார்கள்.

புது வண்டி வந்துவிட்டது. ஒவ்வொரு திருப்பத்திலும் மூக்கைத் தூக்கித்தான் திருப்ப வேண்டியிருக்கிறது. முதுகு கொஞ்சம் முனகுகிறது. முனகிக்கொள்ளட்டும். போகச் சொன்ன பக்கம் போகிறது, மிதித்தால் நிற்கிறது.

நேற்று சேவியர் சீக்கிரம் திரும்பினார், ஸ்டீபனும் வந்திருந்தார். சாயங்காலம் முதல் தடவையாக மூவரும் ஜெனியை அதில் உட்கார வைத்து, தெரு இறக்கத்தில் நிறுத்தினோம். நான் பிரேக்கை மிதித்தேன். ‘டக்’ என்று சத்தம் கேட்டது.

“பிடிச்சிருச்சு” என்றார் சேவியர்.

“நல்லாப் பிடிச்சிருச்சு மதினி” என்றார் ஸ்டீபன்.

எனக்கும் சந்தேகமே இல்லை. அப்படியே நின்றோம். பக்கத்து வீட்டுக்காரம்மா துணி எடுக்க வந்தவர், வெகுநேரம் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அதான் பிடிச்சிருச்சுல்ல? பெறகு ஏன் மூணு பேரும் கையை எடுக்காம நிக்கிறீங்க?” என்றார்.

அப்போதுதான் குனிந்து கைப்பிடியைப் பார்த்தேன். மூன்று சக்கர வண்டி — பிடித்துக்கொள்ள ஆறு கைகள்.