பவுடர் டப்பா இல்லாத ஸ்டூடியோ

லண்டனில் நான் குடியிருக்கும் பிரிக்ஸ்டனில் சனிக்கிழமை காலை முடிதிருத்தும் கடைகளில் கறுப்பு இளைஞர்கள் காத்துக் கிடப்பார்கள். முடியைக் குறைக்க அல்ல, உப்பவைக்க. தலையைச் சுற்றிக் கூடைபோல எழும்பியதும் அதிலேயே சீப்பையும் செருகிக்கொண்டு திருவிழாவுக்குப் போகிறவர்கள்போல நடப்பார்கள். நானோ தேங்காயெண்ணெய் வழிய முடியைப் படியவைத்து, முகத்தில் பவுடர் அப்பி, சலவைக்கடைக்குத் துணி தேய்க்கும் வேலைக்குப் போவேன். அவர்கள் நிறமும் என் நிறமும் ஒன்றுதான். அது எனக்கு மட்டும் தெரியாமல் இருந்தது.

போன மாதம் தூத்துக்குடியிலிருந்து மனைவி எழுதியிருந்தாள். மகள் செலினுக்குப் பெரியதாழையில் ஒரு இடம் வந்திருக்கிறதாம். "லண்டன் மாமனாரப் பாக்கணுங்காவ. நல்லா வெளுப்பா விழுற மாதிரி ஒரு படம் எடுத்து அனுப்புங்க."

முந்தைய இடம் கலைந்ததற்கு நான்தான் காரணம். விடுப்பில் ஊருக்குப் போயிருந்தபோது செலினை ஸ்டூடியோவுக்கு அழைத்துப் போனேன். நம்மூர் ஸ்டூடியோக்களில் கண்ணாடி, சீப்பு, பவுடர் டப்பா மூன்றும் தயாராக இருக்குமே. அவள் முகத்தில் பவுடர் போட்டது போதாதென்று, "அண்ணாச்சி, கொஞ்சம் வெளுப்பாக்கிருங்க" என்று வேறு சொன்னேன். "கவலப்படாதிய, ஆளே தெரியாத அளவுக்கு ஆக்கிருவோம்" என்றார். சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையின் அத்தைக்காரி படத்தையும் செலினையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ஏளா, இது ஒன் அக்காளா? அவள வரச் சொல்லு" என்றாள். அவர்கள் போனபின் செலின் அழவில்லை. படத்தை என் கையில் வைத்து, "அப்பா, இனி இவளுக்கே மாப்பிள பாருங்க" என்றாள். அடுத்த வாரமே நான் லண்டனுக்குத் தப்பி வந்துவிட்டேன்.

இங்கே ஜமைக்காத் தீவுக்காரர் டெஸ்மண்டின் ஸ்டூடியோவுக்குப் போனேன். பவுடர் டப்பாவைத் தேடினேன், இல்லை. என்ன கடை இது என்று நினைத்து, பையிலிருந்த என் சொந்தப் பவுடரை எடுத்து அப்பிக்கொண்டேன். விளக்கோடு வந்தவர் திகைத்து, "உடம்புக்கு முடியவில்லையா?" என்று கேட்டார். "போட்டோ" என்றேன். ஈரத்துண்டு ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினார். உபசாரம் என்று நினைத்துக் கையைத் துடைத்துக்கொண்டு நன்றி சொன்னேன். பிறகு அவரே என் முகத்தைத் துடைத்துவிட்டார்.

சுவரில் ஒரு பழைய படத்தைக் காட்டினார். படிந்து பளபளக்கும் முடியோடு ஒரு வாலிபன், அவரேதான். சுருள்முடியை நீட்ட மருந்து தடவி மண்டையெல்லாம் கொப்புளமாம். வாடிக்கையாளர்களின் முகத்தை இருட்டறையில் தானே வெளுக்கவைத்ததும் உண்டாம். இப்போது அப்படிச் செய்தால் இந்தக் காலத்துப் பிள்ளைகள் படத்தை அவர் முகத்திலேயே எறிவார்களாம். பாதி பேச்சிலும் பாதி சைகையிலும் எனக்கு விளங்கியது இவ்வளவுதான்.

படம் வந்தது. நேரில்கூட நான் இவ்வளவு கறுப்பில்லை என்று சண்டை போட நினைத்தேன். என் இங்கிலீஷ் அதற்குப் போதவில்லை. இதை அனுப்பி இந்த இடமும் கலைந்தால்? மூன்று நாள் உறையை ஒட்டாமலே வைத்திருந்தேன். செலின் சொன்னது காதை விட்டுப் போகவில்லை. நாலாம் நாள் தபாலில் போட்டேன்.

பதிலில் மனைவி, "வெயிலே இல்லாத ஊர்ல எங்க போயி இப்பிடிக் கறுத்திய?" என்று திட்டியிருந்தாள். அடியில் செலின் கையெழுத்து: "நானும் பவுடர் போடாம ஒண்ணு எடுத்தேன்ப்பா. ரெண்டையும் சேத்துக் குடுத்துவிட்டாச்சு. பாத்துட்டு வாரவன் வரட்டும்." பெரியதாழையிலிருந்து இன்னும் சேதி இல்லை.

இதை டெஸ்மண்டிடம் சொல்லப் போனேன். அவர் கடையின் வாசல் கண்ணாடிக்குள், உப்பிய தலைகளுக்கு நடுவே, என் படமும் இருந்தது. எடுக்கச் சொல்லக் கூச்சம். பார்த்துக்கொண்டிருந்த கறுப்புக் கிழவி ஒருத்தி படத்தையும் என்னையும் பார்த்து, "நீ எந்தத் தீவு?" என்று கேட்டாள்.

"தூத்துக்குடி."

அங்கே தனக்கும் சொந்தக்காரர்கள் உண்டு என்றாள். இருப்பார்கள் என்று தலையாட்டினேன்.