சங்கு ஊதிப் பத்து நிமிடம்

தமிழ்நாட்டோடு சேரக் கேட்டு எல்லைப் போராட்டம் நடந்த ஆண்டுகளில் நான் எதையும் மணி குறிப்பிடாமல் எழுதியதில்லை. எந்த ஊர்வலம் எத்தனை மணிக்குப் பாறசாலையைத் தாண்டியது, யாரை எப்போது பிடித்துக்கொண்டு போனார்கள், எல்லாம் என் நாட்குறிப்பில் உண்டு. அந்தப் பழக்கம்தான் என் அக்காளைக் கெடுத்தது.

அக்காள் உதியன்குளங்கரைக்குப் பக்கத்தில் ஒரு முந்திரி ஆலையில் கொட்டைத் தோடு உடைத்தாள். ஆலையை அண்டியாபீஸ் என்போம். தோட்டு எண்ணெய் பட்டால் தோல் வெந்து உரியும். அதனால் வேலை முடிந்ததும் பெண்கள் கிணற்றடியில் சாம்பல் தேய்த்துக் கை கழுவுவார்கள். சாயங்காலச் சங்கு ஊதினாலும் உடனே வெளியே போக முடியாது. பருப்பை ஒளித்துக்கொண்டு போகிறார்களா என்று ஒவ்வொருத்தியின் மடியையும் சோதித்து முடிக்கும்வரை கேட் பூட்டியே இருக்கும். அப்படித் தன் முறைக்குக் காத்திருந்த நேரத்தில் கை கழுவப் போனவள், கிணற்றடியின் உடைந்த படியில் வழுக்கி விழுந்தாள். இடுப்பெலும்பு முறிந்தது.

வைத்தியத்தைக் கம்பெனி ஏற்க வேண்டும், எழுந்து நடமாடியதும் பருப்புத் தரம் பிரிக்கும் இடத்தில் வேலை தர வேண்டும் என்று மனு எழுதினேன். ஒழுங்காக எழுதுகிற கர்வத்தில், ‘சங்கு ஊதிப் பத்து நிமிடத்தில் விழுந்தாள்’ என்றும் சேர்த்தேன். யாரும் கேட்காத பத்து நிமிடம்.

விசாரிக்க வந்த சர்க்கார் அதிகாரியிடம் மேனேஜர் அந்த வரியை விரலால் தொட்டுக் காட்டினார்.

“தம்பிக்காரனே எழுதியிருக்கான். சங்கு ஊதினா அவ கம்பெனி ஆளு இல்ல, வழிப்போக்கியாக்கும்.”

நாங்கள் கட்டிலோடு தூக்கி வந்திருந்த அக்காள் படுத்தபடியே கேட்டாள்: “வழிப்போக்கிக்க மடிய எதுக்குத் தடவிப் பாக்குதிய? கேட்டப் பூட்டி அடச்சுப் போடுகது எந்த ஊரு வழிப்போக்கிய?”

அதிகாரி சிரித்தார். சிரித்துவிட்டு, வேலை நேரத்தில் நடந்த விபத்து அல்ல என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பூட்டிய கேட்டைப் பற்றி ஒரு சொல் இல்லை. மனுவில் நானும் அதை எழுதியிருக்கவில்லை. ஊரே அறிந்த வழக்கம், அதை வேறு எழுதுவானேன் என்று விட்டிருந்தேன்.

அக்காளை மறுபடி வேலைக்கு எடுக்கவில்லை. “நீ பொய்யொண்ணும் எழுதல்லியே மக்கா,” என்றாள் என்னிடம். வைதிருந்தால் தாங்கியிருப்பேன்.

விசாரணை முடிந்த அடுத்த வாரம் கம்பெனி கிணற்றைச் சுற்றி முள்வேலி போட்டது. படியைச் சரிசெய்யவில்லை. பெண்கள் எண்ணெய்க் கையோடு, அதே பூட்டிய கேட்டுக்குள் மடியைக் காட்ட வரிசையில் நின்றார்கள்.