ஈரக்கா பக்கம் மாறிய கதை

ஓடிப்போனாளாம்! ஓடிப்போகிற பெண்பிள்ளை எவளாவது கட்டின புருஷனைக் கூப்பிட்டு, "ஏங்க, இந்தப் பை ஜிப்பு மூட மாட்டேங்குது, முட்டி போட்டு அமுக்குங்க" என்பாளா? பட்டப்பகலில், முன்வாசல் வழியாக, லிஃப்ட் கெட்டுக் கிடந்ததால் அத்தனை படியும் இறங்கி, எதிரில் வந்தவரிடமெல்லாம் போய்விட்டு வருகிறேன் என்று சொல்லி ஓடிப்போனவள் உலகத்திலேயே இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

"அவ வாயாலேயே சொன்னா. பக்கம் மாறிட்டேன்னு சொன்னா. என் ரெண்டு காதாலயும் கேட்டேன்" என்று எதிர்வீட்டுக்காரி தலையில் கை வைத்துச் சத்தியம் செய்கிறாள். சொன்னாள்தான். யார் இல்லை என்றது? அந்த அம்மாள் காதில் ஒரு குறையும் இல்லை. காதுக்கும் வாய்க்கும் நடுவே இருக்கிற சாமான்தான் சரியில்லை. எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கம் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இந்தக் கட்டடத்தில் இத்தனை பேருக்கு வாய் வலித்திருக்காது. கேட்கவில்லை. ஆகவே முதலிலிருந்து சொல்லித்தான் ஆகவேண்டும்.

ஈரக்கா என்பது ஆஸ்பத்திரியில் வைத்த பெயர். பெரிய ஆஸ்பத்திரியின் கீழ்த்தளம் முழுக்க அவள் துடைப்பதுதான். நீளக் கம்பு வைத்த மாப்பைப் பிடித்துக்கொண்டு நடையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை போவாள். எவனாவது விறுவிறு என்று வந்தால், "ஈரம்! ஈரம்! மெதுவா!" என்று ஒரு சத்தம். டாக்டராக இருந்தாலும் கால் அப்படியே நின்றுவிடும். அந்தச் சத்தமே பெயராகிவிட்டது. அவள் இருக்கும்வரை அந்த நடையில் ஒருவரும் விழுந்ததில்லை. அதைச் சொல்ல ஒரு வாயும் திறக்காது.

ஆஸ்பத்திரிப் பெண்களுக்கு ஒரு ஹாக்கி அணி உண்டு. புல்தரை ஹாக்கி இல்லை. பின்கட்டில் மரத்தளம் போட்ட ஒரு கூடம் இருக்கிறது; அங்கே சாதாரண ஷூ போட்டுக்கொண்டு, உள்ளே காற்று போகிற ஓட்டைப் பந்தை மட்டையால் தள்ளி ஆடுவார்கள். நர்சுகள், சமையல்கட்டுப் பெண்கள், துணி வெளுக்கிறவர்கள் எல்லாம் கலந்த அணி. ஈரக்கா அந்தக் கூடத்தைத் துடைக்கப் போவாள். ஆட்டம் முடியவேண்டுமே என்று சுவரோரம் நிற்பாள். பார்த்தபடி நிற்பாள். அவர்கள் அந்தத் தரையில் ஓடினார்கள். அவள் துடைத்து வைத்த தரைதான். காலமெல்லாம் ஊரார் காலைப் பிடித்து நிறுத்தின பெண்ணுக்கு, ஒரு தடவையாவது அந்தத் தரையில் தானும் முழு வேகத்தில் ஓடவேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. வரக்கூடாதா?

அணியை நடத்துகிறவர் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவர். எல்லாருக்கும் டிரைவரண்ணன். ஈரக்காவும் ஆட வந்து நின்ற முதல் நாள் மட்டைகளைக் குவித்துப் போட்டுக்கொண்டு, "வலமா, இடமாம்மா?" என்று கேட்டார்.

அங்கேதான் வண்டி தடம் மாறியது. இந்த மட்டையின் நுனி ஒரு பக்கமாக வளைந்திருக்கும். உடம்புக்கு வலப்புறம் பந்தை வைத்து அடிக்கிறவர்களுக்கு ஒரு வளைவு, இடப்புறம் வைத்து அடிக்கிறவர்களுக்கு எதிர் வளைவு. டிரைவரண்ணன் கேட்டது அந்தப் பக்கத்தை. ஈரக்காவுக்கு அது எப்படித் தெரியும்? வலது கையைத் தூக்கிக் காட்டினாள்.

"இதுதாண்ணே. சோத்துக்கை."

"சரி, வலம்" என்று வலப்பக்க மட்டையைக் கொடுத்துவிட்டார். கேட்டவர் கேட்டதும் சரி, சொன்னவள் சொன்னதும் சரி. இரண்டு சரியும் சேர்ந்து ஒரு பெரிய தப்பாகப் போனது.

வலப்பக்க மட்டையில் இடது கை உச்சியில் இருக்கும், வலது கை கீழே இருக்கும். உச்சியில் இருக்கிற கைதான் மட்டையைத் திருப்பி வழிகாட்டும். கீழே இருக்கிற கை தள்ளுவதோடு சரி. ஈரக்காவின் வலது கையோ எல்லாவற்றையும் தானே திருப்பிப் பழகினது. அதைக் கீழே இறக்கியது, மேஸ்திரியைப் பிடித்து மண் சுமக்கவைத்த மாதிரி ஆயிற்று. பந்து ஒரு பக்கம், மட்டை ஒரு பக்கம், ஈரக்கா ஒரு பக்கம். மழைக்காலம் முழுக்க அவள் ஆடியதைவிட பெஞ்சில் உட்கார்ந்ததுதான் அதிகம். "துடைக்கிற பழக்கம் போகலையே, பெஞ்சையும் தேய்க்கறா" என்று சமையல்கட்டில் சிரித்தார்கள். சிரித்தால் அவளும் கூடச் சிரிப்பாள். மறுநாள் முதல் ஆளாக வந்து நிற்பாள். அதுதான் அவள்.

அவள் புருஷன் பெயிண்டர், சுவருக்கு அடிக்கிறவர். நல்ல மனுஷன், ஆனால் ரோஷக்காரர். ஒரு நாள் ஆட்டம் பார்க்க வந்தவர் வீடு வரும்வரை விறுவிறு என்று முன்னால் நடந்தார்.

"விட்டுடேன்" என்றார், சட்டையைக் கழற்றிக்கொண்டே. "உன்ன வச்சு சிரிக்கறாங்க. எனக்குத் தாங்கல."

"சிரிக்கறது அவங்க. தாங்காதது உங்களுக்கா? நல்லா இருக்கே."

"வெளியூர்ப் போட்டிக்கு ஆள் எடுக்கப் போறாங்களாம். உன்ன எடுப்பாங்கன்னு நெனைக்கறியா?"

அவள் சட்டையை வாங்கிக் கொடியில் போட்டாள். அந்தப் போட்டிக்குப் போகிற வேனில் தனக்கு ஓர் இடம் வேண்டும் என்பதுதான் அவள் மனசில் இருந்த ஒரே விஷயம். வாய்விட்டுச் சொன்னால் கலைந்துவிடும் என்பதுபோல யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தாள்.

அதற்கப்புறம் ஒரு காலை நேரம். நடையின் நடுவில் ஒரு மருந்துக்குப்பி மூடி கிடந்தது. ஈரக்கா குனியவில்லை. மாப்பாலேயே அதை ஓரங்கட்டி, இடுப்பைத் திருப்பி ஒரு வீச்சு வீசினாள். மூடி தரையோடு தரையாக வழுக்கிப் போய், கோடியில் படுத்துக்கிடந்த குப்பைக் கூடைக்குள் 'டக்' என்று விழுந்தது. மருந்துத் தட்டோடு எதிரே வந்த வார்டு நர்ஸ் சிஸ்டர், அவள்தான் அணியின் கோல் கீப்பர், வாயைப் பிளந்துவிட்டாள்.

"ஏய் ஈரக்கா! அசையாத! கையை எடுக்காத!"

ஈரக்கா மாப்பை அப்படியே இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "என்ன சிஸ்டர், பாம்பா?"

"உன் கையப் பாரு."

பார்த்தாள். சோற்றுக்கை கம்பின் உச்சியில். பீச்சாங்கை கீழே. மாப்பு உடம்புக்கு இடப்புறம்.

"இந்த வித்தைய வச்சுக்கிட்டா பெஞ்சுல உக்காந்திருந்த? நீ இடப்பக்கம்டி! உனக்குத் தப்பான மட்டையக் குடுத்துட்டாங்க."

"நான் பீச்சாங்கைக்காரி இல்ல சிஸ்டர்."

"பீச்சாங்கைன்னு யாரு சொன்னா? உன் சோத்துக்கை மேல உக்காந்து ஆட்டி வைக்குது. பந்து எந்தப் பக்கம் இருந்தா அதுக்கென்ன?" சிஸ்டர் தட்டைச் சுவரோரம் வைத்துவிட்டு, அன்றைக்கே தன் பெட்டியிலிருந்து ஒரு பழைய இடப்பக்க மட்டையை எடுத்துக் கொடுத்தாள்.

வீட்டுக்கு வந்ததும் நீளத் துடைப்பத்தைப் புருஷன் கையில் கொடுத்து, "யோசிக்காம பெருக்குங்க" என்றாள். மனுஷன் பிடித்தார். அவருக்குப் பீச்சாங்கை மேலே, சோற்றுக்கை கீழே!

"நானும் சோத்துக்கைக்காரன்தானே. எனக்கு வேற மாதிரி வருது?"

"ஆளுக்கு ஆள் மாறுமாம். உங்க கை உங்களுக்கு, என் கை எனக்கு."

"அப்ப சோறும் இனி அந்தப் பக்கம்தானா?"

"சோறு சோத்துக்கையிலதான். அதையும் நான்தான் போடணும்னா வாய மூடிட்டுப் பெருக்குங்க. அந்த மூலை பாக்கி."

பெருக்கினார். பெருக்கிக்கொண்டே, கையை மாற்றி மாற்றிப் பிடித்துப் பார்த்தார். அதற்கப்புறம் 'விட்டுடேன்' என்ற சொல் அந்த வீட்டில் கேட்கவில்லை.

டிரைவரண்ணன்தான் தலையைச் சொறிந்தார். "போட்டி பக்கத்துல வந்துடுச்சும்மா. இப்பப் போய் பக்கம் மாத்தினா இருக்கறதும் போயிடும்."

"இருந்தாத்தானேண்ணே போறதுக்கு?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஞாயித்துக்கிழமை நமக்குள்ளயே ரெண்டா பிரிஞ்சு ஆடுவோம். பாக்கறேன். அவ்வளவுதான் சொல்வேன்."

ஞாயிறுவரை அவள் கட்டடத்துக்குப் பின்னால், வண்டி நிறுத்துகிற இடத்தில், சுவரில் பந்தை அடித்துக்கொண்டிருந்தாள். எதிர்வீட்டுக்காரி துணி காயப்போட வந்தவள் எட்டிப் பார்த்தாள்.

"ஏம்மா, அன்னிக்கு அந்தப் பக்கம் பிடிச்ச, இன்னிக்கு இந்தப் பக்கம் பிடிக்கற. பெருக்கறியா, விளையாடறியா?"

"ரெண்டும் ஒண்ணுதாங்கா. இப்பதான் தெரிஞ்சுது."

அவள் துணியைப் பிழிந்துகொண்டே ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனாள். 'புத்தி பேதலிச்சுப்போச்சு' என்ற முதல் கதை அன்று சாயங்காலமே படியிறங்கியது.

ஞாயிறு ஆட்டத்தில் சிஸ்டர் எதிரணி கோலில் நின்றாள். முதலில் வந்த பந்து ஈரக்காவின் காலிடுக்கில் போனது. அடுத்ததைக் காற்றில் அடித்தாள். கால் இன்னும் பழைய பக்கத்துக்கே திரும்பிக்கொண்டிருந்தது. பெஞ்சிலிருந்து யாரோ, "மாப்பக் கொண்டாங்கப்பா" என்றார்கள். ஓரத்தில் நின்ற பெயிண்டர் கண்ணை மூடிக்கொண்டார்.

அவர் கண்ணைத் திறந்தபோது பந்து சுவரில் பட்டு ஈரக்காவின் இடப்புறமாக உருண்டு வந்துகொண்டிருந்தது. அவள் ஓங்கவில்லை. ஓங்குவதுதான் இத்தனை நாள் செய்த தப்பு என்று அந்த நொடியில் கைக்குத் தெரிந்துவிட்டதோ என்னவோ. பழக்க தோஷத்தில் "ஈரம்!" என்று ஒரு சத்தம் போட்டாள். முன்னால் நின்றவர்கள் அத்தனை பேரும், எதிரணியும் சேர்த்து, சட்டென்று கால் நிறுத்தி ஒதுங்கினார்கள். திறந்த வழியில், மாப்பை வீசுகிற அதே வீச்சு. பந்து தரையோடு போய் வலையில் உட்கார்ந்தது.

சிஸ்டர் மல்லாந்து கிடந்தபடி கத்தினாள். "அடிப்பாவி! நான் குடுத்த மட்டையால என்னையே துடைச்சிட்டாளே!"

கத்தியதற்காக அந்த கோலைக் கணக்கில் சேர்க்கலாமா என்று ஒரு சண்டை நடந்தது. டிரைவரண்ணன் சேர்க்கவில்லை. ஆனால் அதற்கப்புறம் வாயே திறக்காமல் இன்னொன்று போட்டாள். அது கணக்கில் ஏறியது. டிரைவரண்ணன் விசிலைப் பையில் போட்டுக்கொண்டு, "பையக் கட்டும்மா. வேன்ல ஜன்னலோரம் வேணுமா?" என்றார். ஈரக்கா மூலைக்குப் போய் மாப்பை எடுத்துக் கூடத்தைத் துடைக்க ஆரம்பித்தாள். முகத்தை யாரும் பார்த்துவிடக் கூடாதே.

இனி அந்தப் புறப்பட்ட நாள். ஜிப்பைப் புருஷன் முட்டி போட்டு மூடினார். மட்டை பைக்குள் அடங்கவில்லை. அதைத் தோளில் சாய்த்துக்கொண்டு கதவைத் திறந்தாள். எதிர்வீட்டுக் கதவும் திறந்தது. அது எப்போதும் அப்படித்தான்.

"எங்கம்மா, மூட்டை முடிச்சோட?"

வேன் கீழே ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. ஈரக்காவுக்கு முகமெல்லாம் பல். "பக்கம் மாறிட்டேங்கா! அதான் கூட்டிட்டுப் போறாங்க!" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். உள்ளதை உள்ளபடிதான் சொன்னாள். பின்னாலேயே பையைத் தூக்கிக்கொண்டு பெயிண்டர் இறங்கினாரே, அது மட்டும் அந்த அம்மாள் கண்ணில் படவில்லை போலும்.

கீழே வாசல்தரையை அப்போதுதான் கழுவி விட்டிருந்தார்கள். "ஏய், ஈரம்! ஈரம்! மெதுவாப் போ!" என்று புருஷன் மேலிருந்து கத்தினார். அவள் எங்கே கேட்டாள்? கடைசிப் படியிலிருந்து வேன் கதவுவரை, அந்த ஈரத்தரையில், மட்டையும் கையுமாக ஒரே ஓட்டம்.

ஆகவே, ஓடினாள் என்று சொல்வதானால், அந்த அளவுக்கு உண்மைதான்.