உடும்பின் ஆறு நடைகள்

தினேஸ்வரி நாற்காலியை விட்டு எழும்போதெல்லாம் திரையில் உள்ள கண்களை ஒவ்வொன்றாக மூடிவிட்டுத்தான் எழுவாள். தே ஓ என்னும் பால் கலக்காத தேநீர் வாங்கப் போனாலும் சரி, கழிவறைக்குப் போனாலும் சரி. அனிமேஷன் செயலியில் ஒவ்வொரு லேயருக்கும், அதாவது பட அடுக்குக்கும், பக்கத்தில் ஒரு சின்னக் கண் இருக்கும். திறந்தால் அதிலுள்ள படம் தெரியும், மூடினால் மறையும். "யாரு வந்து என்னத்த பாப்பாங்கன்னு தெரியாது லா," என்பாள்.

ஈப்போ நகரில் ஒரு கடைவீட்டு மாடியில் இயங்கும் அந்த ஸ்டூடியோவில், கார்ட்டூன் உருவங்களை நடக்க வைப்பது அவள் வேலை. இப்போது கையில் இருப்பது சிறுவர் தொடருக்கான ஒரு கிழட்டு உடும்பு. இரண்டு காலில் நிமிர்ந்து போய்க் கோழி திருடும். அதற்குப் பொருந்தும் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதற்காக ஆறு விதமான நடை, ஆறு லேயர். இரண்டை மங்கலாக்கி ஒன்றன்மேல் ஒன்றாக ஓடவிட்டு, கால் எங்கே ஊன்றுகிறது, வால் எப்போது திரும்புகிறது என்று மூக்கு திரையில் முட்டும்படி குனிந்து பார்ப்பாள்.

எதையும் அழிக்க மாட்டாள். முன்பு வேலை பார்த்த இடத்தில் ‘கடைசி’, ‘புதுக் கடைசி’, ‘இதுதான் கடைசி’ என்றெல்லாம் பெயர் வைத்து, வேண்டாம் என்று தள்ளிய நடையையே அனுப்பி வேலையைப் பறிகொடுத்தவள். அதிலிருந்து, யாரைப் பார்த்து நடையைப் பிடித்தாளோ அவர் பெயரையே லேயருக்குச் சூட்டிவிடுவாள். முதல் லேயர், அவள் ஊரான சிலிம் ரிவரில் பக்கத்து வீட்டு ராக்காயி. மூன்றாவது, மீன் விற்கும் சீனி. ஆறாவது, ஸ்கந்தராஜா.

ஸ்கந்தராஜா ஸ்டூடியோவின் முதலாளி. இளமையில் மோட்டார் சைக்கிளில் விழுந்ததால் இடது காலை இழுத்து நடப்பவர். அந்தக் காலைப் பற்றி அவர் முன்னால் யாரும் வாய் திறப்பதில்லை. தினேஸ்வரியின் ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது. நீட்டிப்பதும் வீட்டுக்கு அனுப்புவதும் அவர் கையில்.

இன்று காலை, வண்ணம் தீட்டும் விமலா வந்து சொன்னாள்: "பாஸ் பதினொரு மணிக்கு உன் பக்கத்துல உக்காந்து ஆறையும் பாக்கப் போறாராம்."

தினேஸ்வரி சட்டென்று ஆறாவது கண்ணை மூடினாள். "ஐயோ அக்கா, ஆறாவதுல அவர் பேரு இருக்கு லா!"

"பேர மாத்து. இல்லாட்டி டெலிட் பண்ணு."

"பேர மாத்துனா? அது யாரு காலுன்னு சின்னப்புள்ளகூட சொல்லிடும். அழிக்கவும் மனசு வரல. ஆறுல அதுதான் நல்லா இருக்கு."

கேலிக்காக அவள் அதைச் செய்யவில்லை. மாடிப்படியில் அந்தக் கால் வரும் ஓசைக்கு ஒரு வருடமாகப் பயந்து பயந்தே அதன் தாளம் அவளுக்கு மனப்பாடமாகிவிட்டது.

பதினொரு மணிக்கு அதே ஓசை வந்தது. ஒரு மிதி, ஓர் இழுப்பு. ஸ்கந்தராஜா பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் ஒன்று முதல் ஐந்து வரை திறந்து திறந்து மூடினாள். எதிலும் திருடனுக்குரிய களை இல்லை என்றார் அவர்.

"ஆறாவது?"

"அது சரியா வரல சார்."

"அத நான் சொல்றேன். தொற."

அவள் மௌஸை ஆறாவது லேயருக்கு நகர்த்தினாள். கண்ணைத் திறந்தாள். உடும்பு இடது காலை இழுத்தபடி கோழிக்கூண்டை நோக்கிப் போனது. அவர் லேயரின் பெயரைப் படித்தார். இன்னொரு முறை ஓடவிடச் சொன்னார். பிறகு இன்னொரு முறை. பின் எழுந்து கதவுப் பக்கம் நடந்தார். போச்சு, எல்லாம் போச்சு என்று அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"பாதம் தப்பா இருக்கு. இங்க பாரு," என்றது அவர் குரல்.

அவள் நிமிர்ந்தபோது, ஸ்கந்தராஜா கால்சட்டையின் இடது பக்கத்தை முழங்கால்வரை சுருட்டிப் பிடித்துக்கொண்டு, அவளை நோக்கி மெல்ல நடந்து வந்துகொண்டிருந்தார்.