என் ரத்தத்தில்தான் இருந்தது

நான் கோவைக்காரி. புனேயில் ஹடப்சரில் ஐ.டி. வேலை பார்க்கிறேன். கணவர் இங்கேயே பிறந்து வளர்ந்த சிந்தி. நான் கருவுற்றிருந்தபோது, பரம்பரையாக வரும் தலசீமியா என்ற ரத்தக் குறைபாட்டுக்கு நான் 'கேரியர்', அதாவது எனக்கு நோய் இல்லாமலே குழந்தைக்குக் கடத்தக்கூடியவள், என்று பரிசோதனையில் தெரிந்தது. கணவரும் அப்படியே இருந்தால் குழந்தைக்கு அந்த நோய் கடுமையாக வரலாம் என்று சொல்லி, டாக்டர் அவரையும் சோதிக்கச் சொன்னார்.

சிந்திகளிடம் இது அதிகம். மாமியாரின் அக்கா மகனுக்கு மாதாமாதம் ரத்தம் ஏற்றுகிறார்கள். அதனால் மாமியார் ஆடிப்போய்விட்டார். கோவையிலிருந்து அம்மா, "நம்ம பக்கம் யாருக்கும் இல்லியே கண்ணு, மறுக்காப் பாக்கச் சொல்லு" என்றார்.

முடிவு வாங்கப் போன அன்று மாமியார் என் கையை விடவே இல்லை. கணவருக்கு அந்தக் குறைபாடு இல்லை.

"இனிமே பயமில்லை. குழந்தை உங்களை மாதிரி கேரியரா இருக்கலாம், அவ்வளவுதான்" என்றார் டாக்டர்.

நான் அழுதுவிட்டேன். "உன் தப்பு இல்ல பேட்டா. எந்த ஊர்க்காரங்க ரத்தத்திலயும் இது இருக்கும்" என்று மாமியார் இந்தியில் சொல்லி என் கண்ணைத் துடைத்தார்.

மகள் நலமாகப் பிறந்தாள். தம்பிக்குப் பெண் பார்க்கத் தொடங்கியதும் முதல் வேலையாக அவனைப் பரிசோதிக்க வைத்தேன். அவனும் கேரியர்தான். இப்போது பெண் வீட்டாரிடம் அம்மாவே தயங்காமல் சொல்கிறார்: "பையனுக்கு இப்படி இருக்குதுங்க. ஜாதகம் அப்பறம் பாத்துக்கலாம், மொதல்ல பொண்ணுக்கு ரத்தம் பாத்துருங்க."

– ஒரு வாசகி, புனே