அலுமாரிக் கதவில் ஒரு சமன்பாடு

உம்மாவுக்குப் போர்வை எடுக்க அலுமாரியைத் திறந்தேன். அந்துருண்டை மணம் மூக்கில் ஏறியது. கதவின் உட்புறத்தில் என் கூடப்பிறந்த மூத்தவர் நானாவின் பென்சில் எழுத்து இன்னும் இருக்கிறது: விசை = திணிவு × ஆர்முடுகல்.

சுவரில் எழுதினால் வாப்பா ஏசுவார் என்று, உயர்தர வகுப்பில் படித்த நானா பௌதிகச் சமன்பாடுகளை இங்கேதான் எழுதுவார். அடிப்படையானது மட்டும் நிற்கட்டும் என்று ஒருநாள் மற்றவற்றை ஒவ்வொன்றாக அழித்தார். எனக்குப் பத்து வயது. அசையாமல் நிற்கும் பொருள், விசை தாக்காதவரை இருந்த இடத்திலேயே இருக்கும் என்ற விதியைக் கையால் மறைத்துக்கொண்டேன்.

"இத விடுங்க நானா."

"விசைக்குப் பூச்சியம் போட்டா ஆர்முடுகலும் பூச்சியம், வேகம் மாறாது; இது தானா வந்துடும் புள்ள. தனியா எதுக்கு?"

என் கையை விலக்கி ரப்பரால் தேய்த்தார்.

நானா கனடா போய் இருபத்தெட்டு வருஷம். நான் இதே அலவத்துகொட வீட்டில். தேய்த்த இடத்தைத் தடவிக்கொண்டிருந்தேன்.

"போர்வைக்குப் போன புள்ள, அங்கயே நிண்டுட்டியா?" என்றார் உம்மா.